சீன் போடுகிறேனாம்!

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. என்னைக் கேலி செய்து போட்ட அந்தப் படத்தை மறுபடி இங்கே போடப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று, சிரித்தும் ஆயிற்று. புதுச்சேரியில் வெறும் 18 மீட்டர் டைவுக்கு, முதுகில் சிலிண்டரைத் தாங்கும் பேக்பிளேட் தகடும் மூச்சுக்கு ஏழடி ஹோஸுமாக நான் நிற்கும் படம். 'அண்ணன் நிலாவுக்குக் கிளம்பிட்டார்' என்ற வரி நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதியவர் டைவிங் சொல்லிக்கொடுப்பவர் என்பதுதான் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நான் செய்தது என்ன? ஒரு பையன் கேட்டான், இன்னும் இருபது டைவ்கூட முடிக்காதவன். இப்போது வாங்கும் சாமான் பின்னால் டெக் டைவிங்குக்கும், அதாவது பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய டைவிங்குக்கும், உதவ வேண்டும், எதை வாங்கலாம் என்று. நாலு வரி எழுதினேன். எஃகு பேக்பிளேட், ஒற்றை சிலிண்டருக்கான விங் (மிதக்க வைக்கும் காற்றுப்பை), டின் வகை ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருவது), காலுக்கு விறைப்பான ஃபின். இதற்குத்தான் நிலாவும் ராக்கெட்டும்.

ஒரே தடவை வாங்கு, உருப்படியாக வாங்கு. நான் சொன்னது இவ்வளவுதான். அவனை நாளைக்கே ஆழத்துக்குப் போகச் சொல்லவில்லை.

என் முதல் கிட் கடைக்காரர் கைகாட்டியபடி வாங்கியது. பாக்கெட் வைத்த, காற்று நிரப்பும் ஜாக்கெட், வால்வை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் யோக் ரெகுலேட்டர், இரண்டாகப் பிளந்த ஃபின், செங்கல் கனத்தில் மீட்டர்கள் அடங்கிய ஒரு கன்சோல். மூன்று வருடம் கழித்து டெக் பயிற்சிக்குப் போனேன். பயிற்சியாளர் என் பையைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தார். மாஸ்க்கை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். "இது போதும்" என்றார். மாஸ்க் மட்டும்! மற்றதெல்லாம் பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. அந்தப் பையனுக்கு இது நடக்கக் கூடாது என்று நினைத்தது சீன் என்றால், ஆமாம், சீன்தான்.

பேக்பிளேட்டின் நடுவில் இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கும் இடையே 11 அங்குலம். எந்தக் கம்பெனி பிளேட்டானாலும் அநேகமாக இதே அளவுதான். இன்றைக்கு ஒற்றை சிலிண்டர், நாளைக்கு இரட்டை சிலிண்டர். பிளேட்டும் வாரும் அதேதான், விங் மட்டும் மாறும். எஃகு பிளேட்டே இரண்டரை கிலோ அளவுக்கு வருவதால் இடுப்பில் கட்டும் ஈயத்தில் ஏறக்குறைய அவ்வளவு குறையும். டின் ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி உட்காருவதால் காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் பிதுங்கி வர வழியில்லை. 'இங்கே வாடகை சிலிண்டர் எல்லாம் யோக்தானே' என்று கேட்ட மேதைக்கு: உள்ளங்கையில் அடங்கும் ஒரு அடாப்டர் போதும்.

'விமானத்தில் எஃகைச் சுமப்பதா?' அலுமினிய பிளேட் இருக்கிறது சார். 'ஒரே விங் இரண்டுக்கும் ஒத்துவராது.' சரி, உண்மை. இரட்டைக்கான பெரிய விங்கை ஒற்றை சிலிண்டருக்கு மாட்டினால் இரண்டு பக்கமும் சுருண்டு மடங்கும். ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் பின்னால் இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். நான் மறைக்கவில்லை, நாலு வரியில் எழுத இடமில்லை, அவ்வளவுதான். 'சாமான் வாங்கினால் டெக் டைவர் ஆகிவிடுவானா?' ஆகமாட்டான். யார் ஆவான் என்று சொன்னது?

இனி ஏழடி ஹோஸ். திறந்த கடலில் ஐந்தடி போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு கலங்கலான நாளில் என்னோடு வந்தவருக்குக் காற்று தீர்ந்தது. அவர் என் மஞ்சள் ஆக்டோபஸை, அதாவது உபரி ரெகுலேட்டரை, தேடவே இல்லை. நேராக என் வாயிலிருந்ததைப் பிடுங்கினார். என் ஆக்டோபஸ் எங்கோ பின்னால் மணலில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைத் துழாவி எடுத்த அந்தச் சில நொடிகளைப் பற்றி வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை. வாயிலிருப்பதைத்தான் பிடுங்குவார்கள் என்றால் அதையே நீள ஹோஸில் கொடுத்துவிடலாமே. மாற்று ரெகுலேட்டர் ரப்பர் வளையத்தில் கழுத்துக்குக் கீழேயே தொங்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். 'தூத்துக்குடிக்காரனுக்கு எதுக்குடா இதெல்லாம், உன் தாத்தா எந்த கியர் மாட்டினார்?' என்று ஒருவர் கேட்டதும், அதற்கு நம் நண்பர்களே விழுந்து விழுந்து சிரித்ததும்தான் தாங்கவில்லை.

என் தாத்தா சங்கு குளித்தவர். இடுப்பில் வலைப்பை, காலுக்குக் கல், கையில் கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டார். மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கை தாலி அவன் கையில் என்பார்கள். கிளம்புமுன் கயிற்றை முழம் முழமாக உருவிப் பார்ப்பாராம். பிரி விட்டிருந்தால் அன்றைக்குக் கடலில்லை. கல்லும் கயிறும் தவிர ஒன்றுமில்லாத மனிதர் இருந்ததை அப்படிப் பார்த்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. அவரை வைத்தா என்னைக் கேலி செய்கிறீர்கள்?

இந்தக் கூத்தில் பையன் கேட்டதை எல்லோரும் மறந்தாயிற்று. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று அவன் அதிலேயே எழுதியிருந்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி. கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையோ 40. அந்த ஆசை இருக்கிறவனிடம் பாக்கெட் வைத்த ஜாக்கெட்டை விற்பதற்குப் பெயர் அறிவுரை!

நேற்று ராத்திரி அவனே இன்பாக்ஸில் வந்தான். ஜாக்கெட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டானாம். "அண்ணா, ரெகுலேட்டராவது டின்ல வாங்கட்டுமா?" என்றான்.

வாங்குடா என்றேன். அடாப்டர் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்லியிருக்கிறேன்.