விந்தணுவின் நாள்கணக்கைக் காக்கும் புரதங்கள்

ஆண்களின் குழந்தையின்மை பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணில் தொடங்கி அந்த எண்ணிலேயே முடிந்துவிடுகிறது. விந்துப் பரிசோதனை அறிக்கையில் மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லியன் அணுக்கள் என்று பார்க்கிறோம்; குறைவாக இருந்தால் அதைக் கூட்டுவதற்கு லேகியமும் சத்து மாத்திரையும் தேடுகிறோம். விந்தணு உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தவர்களுக்கு இந்த அணுகுமுறையின் போதாமை எளிதில் விளங்கும். அங்கே பல கட்டங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது, எந்தப் புரதம் எந்த நாளில் தயாராகிறது என்பதே. அந்த நாள்கணக்கைக் காப்பவை ஆர்என்ஏவோடு பிணையும் புரதங்கள். குழந்தையின்மைச் சிகிச்சை பற்றிய பொதுப்பேச்சில் இவற்றுக்கு இடமே இல்லாதிருப்பதால் குடும்பங்கள் பணத்தையும் காலத்தையும் இழக்கின்றன என்பது என் கருத்து.

மனிதனின் விரையில் ஒரு மூலச்செல் முதிர்ந்த விந்தணுவாவதற்குச் சுமார் 74 நாட்கள் ஆகின்றன. அதன் கடைசிக் கட்டத்தில், உருண்டையாக இருந்த செல் நீண்டு, வால் வளர்ந்து, தன் சைட்டோபிளாசத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. டிஎன்ஏ சுற்றப்பட்டிருந்த ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பாலானவை அப்போது அகற்றப்பட்டு, புரோட்டமின் என்னும் சிறிய புரதங்கள் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. டிஎன்ஏ மிக இறுக்கமாகப் பொதியப்படுகிறது. அந்தப் பொதியிலிருந்து எந்த மரபணுவையும் படியெடுக்க முடியாது. ஆனால் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. அதற்குப் புரதங்களும் தேவைப்படுகின்றன. எனவே அவற்றுக்கான தூது ஆர்என்ஏக்களை, அதாவது மரபணுவின் குறிப்பைப் புரதத் தயாரிப்புக்குக் கொண்டுசெல்லும் நகல்களை, செல் முன்கூட்டியே படியெடுத்துச் சேமித்து வைத்தாக வேண்டும். எலியில் புரோட்டமினுக்கான தூது ஆர்என்ஏ, செல் உருண்டையாக இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதிலிருந்து புரதம் தயாராவதோ ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான்.

அச்சடித்து முத்திரையிட்டுக் காவலில் வைத்த பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டைப் போன்றது இந்தச் சேமிப்பு. குறித்த நேரத்துக்கு முன் பிரித்தாலும் கேடு, பிரிக்காமலே விட்டாலும் கேடு. முன்கூட்டிப் பிரித்தால் என்ன ஆகும் என்பதை ராபர்ட் பிரானின் ஆய்வுக்குழு 1995-இல் எலிகளில் செய்து காட்டியது. புரோட்டமின் தூது ஆர்என்ஏவின் வால்பக்கத்தில், புரதத்துக்கான குறிமுறை முடிந்த பிறகு வரும் பகுதியை நீக்கிவிட்டு வேறொரு மரபணுவின் பகுதியை அங்கே ஒட்டினார்கள். புரோட்டமின் என்ற புரதம் மாறவில்லை. அது தயாராகும் வேளை மட்டும் முந்திவிட்டது. டிஎன்ஏ காலத்துக்கு முன்பே இறுகியது, விந்தணுக்களின் வளர்ச்சி பாதியில் நின்றது. சரியான புரதமே தவறான நாளில் வந்தால் கெடுதியாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் அறியேன்.

அந்த வால்பக்கம் ஆர்என்ஏவோடு பிணையும் புரதங்கள் வந்து அமரும் இடம். எம்எஸ்ஒய்2 போன்ற புரதங்கள் தூது ஆர்என்ஏக்களைப் பற்றிக்கொண்டு, அவை சிதையாமலும் உரிய காலத்துக்கு முன் வாசிக்கப்படாமலும் காக்கின்றன. எம்எஸ்ஒய்2 இல்லாத ஆண் எலிகளுக்குக் குட்டிகள் பிறப்பதில்லை. பூட்டைத் திறப்பதற்கும் ஆள் வேண்டுமே? ஷாங்காயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எஃப்எக்ஸ்ஆர்1 என்னும் புரதம் முதிரும் செல்களுக்குள் நுண்துளிகளாகத் திரண்டு, சேமிப்பில் கிடக்கும் தூது ஆர்என்ஏக்களைப் புரதம் தயாரிக்கும் பொறியமைப்போடு சேர்த்துவைக்கிறது. அந்தத் திரளும் திறனைக் கெடுத்தால், எஃப்எக்ஸ்ஆர்1 இருந்தும் ஆண் எலி மலடாகிறது.

இவை எலிச் சோதனைகள்தானே என்று ஒதுக்கிவிட இயலாது, ஏனெனில் இதே வகைப் புரதமொன்றின் மரபணு இல்லாத ஆண்கள் சிகிச்சை மையங்களுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். விந்தில் அணுக்களே இல்லாத 6 ஆண்களின் ஒய் குரோமோசோமில் நீண்ட கரத்தின் முனை காணாமல் போயிருப்பதை தியெபோலோ, சுஃபார்டி என்னும் இத்தாலிய ஆய்வாளர்கள் 1976-இல் கண்டார்கள். காணாமல் போனது எந்த மரபணு என்ற தேடல் இருபது ஆண்டுகள் நீண்டது. அமெரிக்காவின் ஒயிட்ஹெட் நிறுவனத்தில் டேவிட் பேஜின் குழு 1995-இல் விந்தில் அணுக்களற்ற 89 ஆண்களை ஆராய்ந்தபோது, 12 பேரிடம் ஒய் குரோமோசோமின் ஒரே வட்டாரம் அழிந்திருந்தது. அங்கிருந்துதான் டாஸ் என்னும் மரபணு கண்டெடுக்கப்பட்டது. அது ஆர்என்ஏவோடு பிணையும் ஒரு புரதத்துக்கான மரபணு. அதன் மூத்த உறவான டாஸ்எல், மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. குரங்கினங்களின் பரிணாமப் பாதையில் அதன் பிரதியொன்று ஒய் குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்து பெருகியதால் நமக்கு டாஸ் கிடைத்தது.

இந்தக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினரான பௌல் பழ ஈயிலும் இருக்கிறது. அது இல்லாத ஆண் ஈக்களில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பே நடப்பதில்லை, ஏனெனில் அந்தப் பகுப்பைத் தொடக்கிவைக்கும் ட்வைன் என்னும் புரதம் தயாராவதற்கு பௌல் தேவை. 2003-இல் மனிதனின் பௌல் மரபணுவை அத்தகைய ஈக்களுக்குள் செலுத்தியபோது குன்றல் பகுப்பு மீண்டும் நடந்தது. பழ ஈ ஆராய்ச்சிக்கு எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு இதையே என் பதிலாகச் சொல்வேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். டாஸ் இல்லாவிட்டால் விந்தணுவே இல்லை என்று எழுதுவது தவறு. ஒய் குரோமோசோமில் அது அமைந்திருக்கும், ஏஇசட்எஃப்சி எனப்படும் வட்டாரம் அழியும்போது வேறு மரபணுக்களும் சேர்ந்தே போகின்றன. அப்படி அழிந்த ஆண்களில் சிலரின் விந்தில் குறைந்த அளவில் அணுக்கள் காணப்படுகின்றன, இயற்கையாகத் தந்தையானவர்களும் அரிதாக இருக்கிறார்கள். விந்தில் அணுக்கள் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு விரையிலிருந்து அறுவை முறையில் அணுக்களை எடுக்க முடிகிறது. பக்கத்து வட்டாரங்களான ஏஇசட்எஃப்ஏ அல்லது ஏஇசட்எஃப்பி முழுவதுமாக அழிந்திருந்தால் அணு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆகவே எந்தத் துண்டு இல்லை என்பதை அறியாமல் ஒருவரை அறுவைக்கு அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

அறிந்துகொள்வது கடினமும் அல்ல. டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையை இரத்தத்தில் செய்தாலே போதும். மருத்துவர்கள் அதை ஒய் மைக்ரோடெலிஷன் சோதனை என்பார்கள். ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், விந்தில் அணுக்களற்ற இந்திய ஆண்களில் 8.5 சதவீதத்தினரிடம் இத்தகைய அழிவு இருந்தது. இவர்களுக்கு எந்த லேகியமும் எந்த மாத்திரையும் இல்லாத மரபணுவைத் திருப்பித் தராது. விளம்பரங்கள் இதைச் சொல்லப் போவதில்லை. மருத்துவர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேட்டுப் பெற வேண்டும். கணவனுக்கு இந்த ஒரு சோதனையைக்கூடச் செய்யாமல், மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் ஊசி போடும் வழக்கம் எனக்கு அநீதியாகவே படுகிறது.

இக்சி முறையில் ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெறும்போது இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. பிறப்பது மகனானால் தந்தையின் ஒய் குரோமோசோம் அப்படியே அவனுக்குச் செல்கிறது. அதில் இல்லாத துண்டு அவனிடமும் இருக்காது. இதனால் சிகிச்சையை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த முடிவு தம்பதியருடையது. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அவர்களுக்கு இது தெளிவான தமிழில் விளக்கப்பட வேண்டும், அறிக்கையின் பிரதியும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஏஇசட்எஃப்சி அழிந்தவர்களில் சிலருக்கு வயது ஏற ஏற விந்தணு மேலும் குறைந்தது பதிவாகியிருப்பதால், மகன் வளர்ந்தபின் அவனுடைய அணுக்களை இளம் வயதிலேயே உறையவைத்துச் சேமிக்கும் வழி ஒன்று இருக்கிறது. தந்தையின் அறிக்கை பத்திரமாக இருக்கும் குடும்பத்தால் மட்டுமே அந்த வழியை நேரத்தோடு பயன்படுத்த முடியும்.