காசின் வயதைக் கேட்காதீர்கள், தேய்மானத்தைக் கேளுங்கள்

அப்பா சேர்த்து வைத்த காசெல்லாம் இப்போது என்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து சொந்தபந்தம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எந்த வருசத்துக் காசுலே? எவ்வளவுக்குப் போகும்?" சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே. வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம், வீடியோ அனுப்பியிருந்தார். அது நாம் சில்லறையாக வாங்கிச் செலவழித்த காசு. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கும் நோட்டுக்கும் கமிஷன், வரி என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிக்கை விட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன். "ஒனக்கு விவரம் பத்தாது" என்றார். சரி.

என் கட்சி இதுதான்: விலை தெரிய வேண்டுமானால் வருசத்துக்கு முன்னால் தேய்மானத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். தென்காசி, செங்கோட்டைப் பக்கம்தான் பெரும்பாலும் டூட்டி. பையில் விழும் சில்லறையில் பிடித்ததை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன் காசைப் போட்டுவிடுவார். அதனால் நயா பைசாவும் அலுமினியச் சில்லறையும் குவியலாக இருக்கின்றன. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் சீமை என்பதால், அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் வாங்கிய சக்கரம், பணம் என்ற திருவிதாங்கூர்க் காசுகள் தனிப் பொட்டலத்தில். பொட்டலத்தின் மேல் ஊர்ப் பெயரை எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு.

வருசமே விலை சொல்லும் காசும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1911ஆம் வருசத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில், மன்னரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அடுத்த வருசம் யானைக்கு ஒழுங்காகத் தும்பிக்கை போட்டு அடித்தார்கள். அப்பாவிடம் இருப்பதெல்லாம் தும்பிக்கை உள்ளவைதான்!

தரம் பார்க்கிற முறைக்கு இப்போது உலகம் பூராவும் 1 முதல் 70 வரை ஓர் அளவு இருக்கிறது. 1949இல் அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் அந்த நாட்டுப் பழைய செம்பு சென்ட் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. புழக்கத்துக்கே போகாத காசு 60இலிருந்து 70 வரை. நம் ஊர் வியாபாரிகள் ஃபைன், வெரி ஃபைன், யு.என்.சி. (புழங்காதது) என்று சொல்வார்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். முதலில் தேய்வது மேடுகள்: கிரீடம், புருவம், காதுக்கு மேல் முடி. அப்புறம் விளக்குக்குக் கீழே காசை லேசாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நாணயச் சாலையில் விழுந்த பளபளப்பு மிச்சமிருந்தால் ஒளி சக்கரம் போலச் சுற்றி வரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் சுற்றாது, மொத்தமாக மினுங்கும். அச்சு சரியாக அழுந்தாமல் மங்கலாக வந்த காசைத் தேய்ந்தது என்று தள்ளிவிடவும் கூடாது. இந்த இடத்தில்தான் கண்ணுக்கு வேலை.

நம் வீடுகளில் காசைக் கெடுப்பது இரண்டு பழக்கம். ஒன்று, புளி. 1968இலிருந்து வந்த இருபது பைசா தாமரைக் காசை 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைப்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்குவார்கள். பூஜைக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் செம்பிலும் பித்தளையிலும் வருசக்கணக்கில் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் காசின் மேல்தோல். தோலை உரித்துவிட்டால் திரும்ப வராது, தரம் பார்ப்பவரும் 'துலக்கியது' என்று ஒதுக்கிவிடுவார். இரண்டாவது, காசு மாலை. வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு விளிம்பில் தெரிந்தால், எத்தனை வயசானாலும் அந்த ரூபாய்க்கு வெள்ளி விலைதான். ஆச்சிமார் கழுத்தில் கிடந்த பெருமை வேறு கணக்கு.

போலியைப் பிடிக்கத் தராசு உதவும். பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்தில் 'ரூபாய் எடை' என்கிறார்களே, அதுதான். புழங்கித் தேய்ந்தது கொஞ்சம் குறையும். ரொம்ப மாறினால் சந்தேகப்படலாம்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரச்சான்று வாங்கலாமே என்கிறார்கள். நூறு வருசம் தாண்டாத அபூர்வமான காசுக்குச் சரி. தேய்ந்துபோன 1947 நிக்கல் ரூபாய்க்கு அதைச் செய்தால் காசின் விலையை விடக் கட்டணம்தான் கூட வரும். பி.வி.சி. உறை மட்டும் வேண்டவே வேண்டாம், நாளானால் பச்சையாகப் பிசுபிசுக்கும். காசைப் பிடிக்கும்போது விளிம்பில் பிடியுங்கள்.

துபாயில் இருக்கிற மச்சான் விக்டோரியா ரூபாய் ஒன்றை அனுப்பச் சொல்கிறான். 1972ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருசம் தாண்டிய காசைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வரட்டும், லென்ஸைக் கையில் கொடுக்கிறேன். சித்தப்பாவும் வரலாம்.