ஸ்கேன் படம் காட்டினாத்தான் காயம்னு நம்புவீங்களா?

ஜனவரி பிறந்தா போதும், மெல்போர்ன்ல நடக்கிற ஆஸ்திரேலியன் ஓபன் யாருக்குன்னு பட்டிமன்றம் தொடங்கிடும். அதுல தப்பில்ல. டென்னிஸ் பாக்கிறவங்களுக்கு அந்த ரெண்டு வாரம் திருவிழாதான். ஆனா டிரா (யார் யாரோட மோதணும்னு குலுக்கிப் போடுற பட்டியல்) வர்றதுக்கு முன்னாடியே கோப்பையைத் தூக்கி ஒருத்தர் கையில குடுத்துடறாங்க நம்ம ரசிகர்கள். பிடிக்காத ஆளுக்குக் காயம்னு செய்தி வந்தா "நடிப்பு". பிடிச்ச ஆளுக்குக் காயம்னா "சிங்கம் திரும்பி வரும்". எந்தத் தசை, எந்தப் பக்கம், எந்த ஷாட் ஆடும்போது வலிக்குதுன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. வருஷா வருஷம் இதே கூத்து. பொறுக்க முடியல.

2025 அரையிறுதியை நினைச்சாலே இன்னும் கொதிக்குது. காலிறுதியில அல்கராஸோட ஆடும்போது ஜோகோவிச்சுக்கு இடது தொடை பிடிச்சுக்கிட்டது. அந்த நிலையிலும் நாலு செட்ல ஜெயிச்சார். அடுத்த ரெண்டு நாள் பந்தையே தொடாம இருந்துட்டு, ஸ்வெரேவ் கூட ஆடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் மட்டையை எடுத்தேன்னு அவரே சொன்னார். முதல் செட்டை டைபிரேக்ல (6-6 ஆனா செட்டை முடிவு பண்ற ஆட்டம்) விட்டதும் கை குடுத்துட்டு வெளிய நடந்தார். ராட் லேவர் அரங்கத்துல ஒரு கூட்டம் ஊளையிட்டது. எதிர்ல நின்ன ஸ்வெரேவே மைக்கைப் பிடிச்சு, காயத்தோட போறவரைப் பாத்துக் கத்தாதீங்கன்னு கேட்டுக்க வேண்டியதாப் போச்சு. கடைசியில அந்த மனுஷன் தன் எம்ஆர்ஐ படத்தை ஊருக்கே போட்டுக் காட்டினார். 24 கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்ச ஆள் தன் தொடைக்குச் சாட்சி தேட வேண்டிய நிலைமை!

அதே ஆள் 2023-ல இடது தொடையோட பின்தசையில கிழிசலை வெச்சுக்கிட்டுத்தான் கோப்பையை ஜெயிச்சார். 3 சென்டிமீட்டர் கிழிசல்னு போட்டியோட இயக்குநர் கிரெய்க் டைலியே சொன்னார். அப்ப என்ன பேசினாங்க? "ஜெயிச்சுட்டாரே, அப்புறம் என்ன காயம்?" ஜெயிச்சா காயமே இல்ல, தோத்தா காயம் ஒரு சாக்கு. ரெண்டு பக்கமும் கதவை அடைச்சுட்டா, காயம்பட்டவர் எதைச் செஞ்சுதான் நிரூபிக்கிறது?

காயம்னா இருக்கு, இல்லன்னு ரெண்டே நிலை கிடையாதுங்க. வயிற்றுத் தசையையே எடுத்துக்குங்க. ஹார்ட் கோர்ட் (சிமென்ட் மாதிரிக் கெட்டியான தரை) சீசன்ல அடிக்கடி வர்ற செய்தி, அடிக்கடி தப்பாப் புரிஞ்சுக்கிற செய்தியும் இதுதான். வலது கை ஆட்டக்காரருக்கு இந்தக் கிழிசல் பெரும்பாலும் இடது பக்கத்துலதான் வரும். செர்வுக்கு, அதாவது ஒவ்வொரு பாயிண்டையும் தொடங்கி வைக்கிற அடிக்கு, பந்தை மேல போட்டு முதுகை வளைச்சு நீளும்போது அந்தப் பக்கம் முழுசா இழுபடும். அடுத்த நொடியே பந்தை அடிக்க உடம்பை முன்னால சுருட்டணும். இழுபட்ட அதே தசை முழு வேகத்துல சுருங்கணும். கிழியிறது அங்கதான். ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் ஓரளவு தப்பிச்சுக்கும். அதனால பயிற்சியில பேஸ்லைன்ல (கோர்ட்டோட பின்கோட்டுல) நின்னு விளாசுற ஒரு நிமிஷ வீடியோவைப் பாத்துட்டு "ஃபுல் ஃபிட்"னு தீர்ப்பு சொல்றதுல அர்த்தமே இல்ல. அந்த வீடியோவுல செர்வ் இருக்கா? இல்லன்னா எதுக்காக இல்ல? கேக்க வேண்டிய கேள்வி அது.

பாக்கத் தெரிஞ்சா முதல் ரெண்டு கேம்லயே நிறையத் தெரியும். பந்தை வழக்கத்தை விடத் தாழ்வாவும் முன்னாலயும் போடுறாங்களான்னு பாருங்க. முதுகு வளையிறதைத் தவிர்க்கத்தான் அது. முதல் செர்வ் வேகம் அவங்க வழக்கத்தை விட மணிக்கு 15, 20 கிலோமீட்டர் குறைஞ்சா கவனிங்க. எல்லாத்தையும் விட முக்கியம், முதல் செர்வ் தப்பினா போடுற ரெண்டாவது செர்வ். கிக் செர்வுக்கு, அதாவது தரையில பட்டு உயரமா எகிறுற செர்வுக்கு, பந்தைத் தலைக்கு மேல, கொஞ்சம் பின்னால போட்டு இன்னும் அதிகமா வளையணும். வயிறு வலிக்கிறவங்க கிக்கை விட்டுட்டுப் பக்கவாட்டுல சுழலுற ஸ்லைஸுக்கு மாறிடுவாங்க. அது தாழ்வா வரும், எதிராளி ரெண்டு அடி உள்ள வந்து நொறுக்குவார். இதெல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும்போது "இன்னைக்கு மூட் இல்ல போல"ன்னு பேசினா எரிச்சல் வருமா வராதா?

ஜப்பான் வீராங்கனை ஒசாகா விஷயத்துல நடந்தது அப்படியே இதுதான். 2025 ஜனவரி முதல் வாரம் ஆக்லாந்து இறுதிப் போட்டியில முதல் செட்டை ஜெயிச்ச கையோட வயிற்று வலியால விலகினாங்க. மெல்போர்ன்ல ரெண்டு சுற்று ஜெயிச்சதும் "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல"ன்னு குதிச்சாங்க நம்ம ஆளுங்க. மூணாவது சுற்றுல பென்சிச் கூட முதல் செட் டைபிரேக் வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க, அதே வயிறு நிறுத்திடுச்சு. இந்தத் தசை ரெண்டு நாள் ஓய்வுல அடங்கின மாதிரி இருக்கும், நூறு செர்வ் போட்டதும் திரும்பக் கிழியும். இதுக்கு நேர்மாறு இன்னொரு வீராங்கனை சபலென்கா. 2024 விம்பிள்டன் நேரத்துல தோள்பட்டைத் தசையில காயம். எல்லா ஷாட்டும் ஆட முடியுது, செர்வ் மட்டும்தான் முடியலன்னு சொல்லிட்டு, முதல் நாளே விலகினாங்க. அன்னைக்கு அவங்களைத் திட்டினவங்க எத்தனை பேர்! அந்த ஓய்வை எடுத்துக்கிட்டவங்கதான் ரெண்டு மாசம் கழிச்சு ஹார்ட் கோர்ட்ல யுஎஸ் ஓபனைத் தூக்கினாங்க.

தொடைப் பின்தசை வேற கதை. களிமண்ல சறுக்கி நிக்கலாம். ஹார்ட் கோர்ட்ல ஓடி வந்த வேகத்தைத் தொடையும் முழங்காலும்தான் பிடிச்சு நிறுத்தணும். வலது கை ஆட்டக்காரர் செர்வ் முடிச்சு இறங்குறதும் இடது கால்ல. வலைக்குப் பக்கத்துல விழுற டிராப் ஷாட்டைத் துரத்தாம விடுறாரா, ஓரத்துப் பந்துக்குக் கடைசி ரெண்டு அடி வைக்கத் தயங்குறாரா, ராலியைச் சட்டுனு முடிக்கப் பாக்கிறாரான்னு கவனிச்சாலே போதும்.

இன்னொரு கொடுமை, வாரக் கணக்கு. "ஆறு வாரம்னு சொன்னாங்க, ஏழாவது வாரம் ஆச்சு, இன்னும் என்ன?" மருத்துவர் சொல்றது மதிப்பீடுங்க, ரயில் நேரம் இல்ல. 2023 மெல்போர்ன்ல ரெண்டாவது சுற்றுல நடாலுக்கு இடுப்புத் தசை போச்சு. ஆறுல இருந்து எட்டு வாரம்னாங்க. அதுக்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவர் ஒரு மேட்ச் ஆடல. நடுவுல அறுவை சிகிச்சையும் ஆச்சு. 2024 ஜனவரி பிரிஸ்பேன்ல திரும்பினார், காலிறுதியில மூணு மணி நேரத்துக்கு மேல போராடித் தோத்தார், தசையில சின்னக் கிழிசல், மெல்போர்னுக்கு முழுக்கு. நீண்ட நாள் கழிச்சு வர்றவருக்குப் பழைய காயம் ஆறியிருந்தாலும், மேட்ச் பளுவுக்குப் பழகாத பக்கத்துத் தசைகள் காத்துக்கிட்டிருக்கும். இதை ரசிகர்கள் கணக்குலயே எடுக்கிறதில்ல.

அப்புறம் இந்த வார்ம்-அப் (ஆஸ்திரேலியன் ஓபனுக்கு முன்னாடி நடக்கிற சின்னப் போட்டிகள்) கோப்பை வெறி. "போன வாரம் கப் அடிச்சார், இவர்தான் ஃபேவரைட்." நுங்கம்பாக்கத்துல சென்னை ஓபன் பாத்து வளர்ந்தவங்களாவது இதைச் சொல்லக் கூடாது. சுவிஸ் வீரர் வாவ்ரிங்கா சென்னையில நாலு தடவை ஜெயிச்சார்: 2011, 2014, 2015, 2016. அதுல மெல்போர்ன் கோப்பை வந்தது 2014-ல மட்டும். மத்த மூணு வருஷம் காலிறுதி, அரையிறுதி, நாலாவது சுற்று. 2008-ல அதே சென்னையில நடாலும் மோயாவும் அரையிறுதியில கிட்டத்தட்ட நாலு மணி நேரம், மூணு செட்டும் டைபிரேக் வரைக்கும் மோதினாங்க. மறுநாள் இறுதியில யூஸ்னி கிட்ட நடால் எடுத்தது மொத்தம் ஒரே ஒரு கேம். அந்த வாரத்துல சேர்ற களைப்பும் கணக்குல வரணும். வார்ம்-அப்ல கிட்டத்தட்ட தினமும் ஆடணும், மூணு செட்; கிராண்ட்ஸ்லாம்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆண்களுக்கு அஞ்சு செட். தொடை லேசா இறுகினதும் வார்ம்-அப்ல பாதியில விலகுறவர் பெரும்பாலும் புத்திசாலி, கோழை இல்ல.

டிரா வராம ஃபேவரைட் பட்டியல் போடுறவங்களைப் பத்தி என்னத்தச் சொல்ல. 128 பேர்ல 32 பேருக்குத்தான் சீடிங் (பலமானவங்க ஆரம்பத்துலயே மோதாம இருக்கத் தர்ற வரிசை எண்). 17-ல இருந்து 24 வரைக்கும் உள்ளவங்க மூணாவது சுற்றுலயே 9-ல இருந்து 16 வரைக்கும் உள்ள ஒருத்தர் மேல போய் மோதணும். ஆறு மாசம் முழங்காலைத் தேத்திக்கிட்டு 2017-ல வந்த ஃபெடரர் 17-வது சீட். பெர்டிச், நிஷிகோரி, வாவ்ரிங்கா, நடால்னு தாண்டித்தான் ஜெயிச்சார். நாலுல மூணு பேரோட அஞ்சு செட். அன்னைக்கு அவர் ஜெயிப்பார்னு எதிர்பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

"முடியலன்னா எதுக்கு முதல் சுற்றுக்கு வந்து நின்னு எதிராளிக்கு இலவச வெற்றி குடுக்கணும்?"னு கத்துறவங்களுக்கு விதியே தெரியாது. 2018-ல இருந்து, பிரதான சுற்று தொடங்குறதுக்கு முந்தின வியாழன் மதியத்துக்கு அப்புறம் போட்டி நடக்கிற இடத்துக்கு வந்து காயம்னு சொல்லி விலகினா முதல் சுற்றுப் பரிசுல பாதி கிடைக்கும். மீதிப் பாதி, தகுதிச் சுற்றுல தோத்தும் அவர் இடத்துல ஆடுற லக்கி லூசருக்கு. உடம்பு முடியாமலே வந்து சும்மா நின்னுட்டுப் போனா, முதல் சுற்றுப் பரிசுப் பணம் முழுசையும் அபராதமாப் பிடுங்கலாம். ஆக, வர்றவர் ஆட முடியும்னு நம்பித்தான் வர்றார். நடுவுல பிசியோவைக் கூப்பிட்டா, பரிசோதனை முடிஞ்சு மூணு நிமிஷ சிகிச்சை, அவ்வளவுதான். தசைப்பிடிப்புக்கு அந்த மூணு நிமிஷமும் கிடையாது. பக்கம் மாறும்போதும் செட் இடைவெளியிலயும்தான் தடவிக்கலாம். ஒரு ஆள் நாற்காலியில உக்காந்து தொடையைக் கட்டிக்கிட்டிருக்கும்போது, அது பிடிப்பா கிழிசலான்னு கூடப் பிரிக்கத் தெரியாம "டைம் இழுக்கிறான்"னு கத்துறதை முதல்ல நிறுத்துங்க.