சாவியைக் கொடுத்தது யார்?

புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், அந்தப் பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க முடியாது என்று சிறார் நீதி வாரியம் சொன்னாலும் சொன்னது, என் டைம்லைன் முழுக்க நீதிபதிகள். ஒரு கோஷ்டி ‘தூக்கில் போடு’ என்கிறது. இன்னொரு கோஷ்டி ‘பாவம், குழந்தை’ என்று உருகுகிறது. இரண்டு இடத்திலும் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். சாவியைக் கொடுத்தது யார்? ஒருவர் சிரிப்பு ஸ்மைலி போட்டார். இன்னொருவர், நான் மதிக்கிற மனிதர், ‘அந்தக் குடும்பத்தின் மேல் உங்களுக்கு என்ன வன்மம்?’ என்றார். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் தூக்கு கோஷ்டிக்கு. வாரியத்தைத் திட்டிப் பயனில்லை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் என்று சட்டம் சொல்லும் குற்றமாக இருந்தால்தான் 16 வயது தாண்டிய சிறுவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கும் பேச்சே வரும். இந்த மாதிரி வழக்கில் போடும் ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்ற குற்றத்துக்கு அப்படிக் குறைந்தபட்சம் எதுவும் கிடையாது. இதை உச்ச நீதிமன்றம் 2020-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவும் எந்த வழக்கில்? 2016-ல் டெல்லியில் மெர்சிடிஸ் ஓட்டி ஒருவரைக் கொன்ற பையனின் வழக்கில். அவனுக்கு 18 முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் அதுதான். பதினேழு வயதுக்குப் பதினேழு வயதுக்கான தண்டனை கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் சண்டை அந்தப் பையனோடு இல்லை. பெரியவர்களோடு.

2024 மே 19 அதிகாலை நடந்ததைத் திரும்பப் பாருங்கள். 1,758 ரூபாய் கட்டணம் கட்டாமல் நிரந்தரப் பதிவே வாங்காத கோடி ரூபாய் கார். லைசென்ஸ் வாங்கும் வயதே ஆகாத பையன். அவனுக்கு மது ஊற்றிய பப். அவனுக்கு அன்றைக்கே ஜாமீன், நிபந்தனையாக விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை. (பள்ளிக்கூடத்தில் லேட்டாக வந்தால் எங்களுக்கு இதைவிடப் பெரிய இம்போசிஷன் கொடுப்பார்கள்.) அப்புறம் ரத்த மாதிரியை மாற்றினார்கள், அம்மாவின் ரத்தத்தை வைத்தார்கள் என்கிறது போலீஸ். இரண்டு டாக்டர்கள் கைது. நான்தான் ஓட்டினேன் என்று சொல்லச் சொல்லி வீட்டு டிரைவரை மிரட்டியதாக அப்பா, தாத்தா மேல் வழக்கு. இதில் ‘குழந்தை’ செய்தது எத்தனை, பெரியவர்கள் செய்ததாகச் சொல்லப்படுவது எத்தனை?

டிரைவர் விஷயத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காரணம் இருக்கிறது. என் பெரியப்பா சைக்கிளில் போகும்போது பத்தாவது படிக்கும் பையன் பைக்கில் வந்து இடித்துத்தான் போய்ச் சேர்ந்தார். ஸ்டேஷனுக்குப் போனால் ஓட்டியது பையனே இல்லை, லைசென்ஸ் வைத்திருந்த அவனுடைய மாமா! தெருவே பார்த்தது, ஆனாலும் மாமாதான் ஓட்டினாராம். ‘பேசி முடிச்சுக்கலாம், சின்னப் பையன், வாழ்க்கை போயிடும்’ என்று ஊர்ப் பெரிய மனுஷர்கள் வந்தார்கள். லைசென்ஸ் உள்ள ஆள் பேர் இருந்தால்தான் இன்சூரன்ஸ் பணம் சிக்கலில்லாமல் வரும் என்று எங்கள் பக்கத்து வக்கீலே சொன்னார். பெரியம்மா கையெழுத்துப் போட்டார். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. அந்தப் பையன் அதே பைக்கில் எங்கள் தெருவழியாகவே டியூஷன் போனான். பையனை நான் என்றைக்கும் திட்டியதில்லை. சாவியைக் கொடுத்த அப்பாவை, பொய் சொன்ன மாமாவை, டீ குடித்துக்கொண்டே பஞ்சாயத்து பேசியவர்களை மறக்கவும் இல்லை.

‘அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருந்தால்?’ என்பீர்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறுவன் வண்டி ஓட்டி அந்தச் சட்டப்படி குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோகூடக் குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாது, நான் தடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்க வேண்டியது அவர்கள். இதைவிட நியாயமாக எப்படி எழுதுவது?

‘இதெல்லாம் பணக்காரன் மேல் காண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம். காண்டுதான். அதற்கு என்ன இப்போது?

‘உங்க பையனா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?’ இதுதான் எல்லாரும் வைத்திருக்கும் பிரம்மாஸ்திரம். வீட்டில் ஒருத்தன் இருக்கிறான். ஒன்பதாவதிலிருந்து ஸ்கூட்டர் சாவி கேட்கிறான். கொடுப்பதில்லை. ‘பால் வாங்கத்தானே, தெருமுனை வரைக்கும்தானே’ என்று என் மாமியார் வீட்டில் எல்லாரும் அவன் பக்கம். போன பொங்கலுக்கு மச்சினர் தன் பைக்கை அவனிடம் கொடுத்ததற்குக் கத்தினேன், இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கேரளத்தில் சில அப்பாக்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும்வரை சிறை என்று தீர்ப்பு வந்திருக்கிறது. சாயந்திரம் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த மூன்று வருடத்தை முழுசாக உள்ளே இருந்து கழித்த அப்பா ஒருவர் இருந்தால், செய்தியின் லிங்கை கமெண்டில் போடுங்கள். ஒரே ஒருவர் போதும், பதிவை எடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் குழந்தை, பாவம் என்று என்னிடம் வராதீர்கள்.