எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்

ஒரு கோடையில் நாள்தோறும் வெயிலில் அலைந்து என் முகமும் கைகளும் கறுத்துப்போயின. யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சையைப் பாதியாக நறுக்கிக் கைகளில் நன்றாகத் தேய்த்தேன். சரியாகக் கழுவாமல் அப்படியே வெளியே கிளம்பிவிட்டேன். மறுநாள் சாறு வழிந்த தடத்தில் மட்டும் எரிச்சல், சிவப்பு. அப்புறம் அதே தடத்தில் பழுப்புக் கோடுகள். அவை மங்கப் பல வாரங்கள் ஆயின.

எலுமிச்சை வகைகளில் ஃபுரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் ஒட்டியிருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால் தோலின் செல்கள் வெந்துபோகும். சிலருக்குக் கொப்புளமே வரும். இதற்கு மருத்துவத்தில் ஃபைட்டோஃபோட்டோடெர்மடைடிஸ் என்று பெயர். இத்தனைக்கும் வெயில் கருமைக்கு இன்றுவரை முதலில் சொல்லப்படும் வைத்தியம் எலுமிச்சைதான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

கருமை அழுக்கு அல்ல. கதிர்கள் செல்லின் உட்கருவைத் தாக்காமலிருக்கத் தோல் தானே மெலனின் என்ற நிறமியைச் சுரந்து பிடிக்கும் குடை அது. அதைச் சுரண்டி எடுக்க முடியாது. அடிபட்ட தோலைச் சொரசொரப்பான பொடி போட்டுத் தேய்த்தால் இன்னும் கறுக்கத்தான் செய்யும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 4 வாரம் ஆகும். மூலிகைப் பற்றை ஒரு மாதம் விடாமல் பூசினால் நிறம் திரும்பும் என்கிறார்களே, அந்தப் பெருமையில் பெரும்பங்கு தோலுக்குச் சேர வேண்டியது.

செடிகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெயிலில் எரியும் தோலுக்குச் சோற்றுக்கற்றாழை இதமானது. அதன் சோற்றில் 99 சதவீதம் தண்ணீர்தான், அந்தக் குளிர்ச்சியே பாதி மருந்து. ஆனால் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிடுங்கள், அது அரிக்கும். அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் மெலனின் உருவாவதை மட்டுப்படுத்தக்கூடியது. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கார்போகரிசி என்ற மூலிகை விதை. அதிலிருந்து பிரித்தெடுக்கும் பாகுச்சியோல் என்ற பொருளை, சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலோடு ஒப்பிட்டு 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. சுருக்கத்தையும் கருந்திட்டையும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைத்தன. இதைக் கேட்டதும் விதையை வாங்கி அரைத்துப் பூசத் தோன்றும். வேண்டாம்! அதே விதையில்தான் சோராலனும் இருக்கிறது. அதுவும் ஃபுரோகூமரின்தான், எலுமிச்சை என் கையில் செய்ததை இன்னும் கடுமையாகச் செய்யும். தோல் மருத்துவர்கள் வெண்படைக்குச் சோராலனைக் கொடுத்து, அளந்து கதிர் காட்டுகிறார்கள். அந்த அளவை நாம் வீட்டில் எப்படிக் கணக்கிடுவது? ஒரே விதையில் மருந்தும் தீங்கும் இருக்கும்போது, "இயற்கைதானே, என்ன ஆகிவிடும்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. புற ஊதா ஏ கதிர் ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜனைச் சிதைக்கிறது. ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அப்படி வந்த சுருக்கத்தை எந்தப் பற்றும் முழுதாகத் திருப்பித் தராது. நிழல், முழுக்கை உடை, சன்ஸ்க்ரீன், இவைதான் முதலில். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு எண்) 30 உள்ள சன்ஸ்க்ரீனைப் போதிய அளவு பூசினால், தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். எந்தத் தாவர எண்ணெயும் அதற்கு ஈடாகாது.

நான் இப்போது கற்றாழையோடு நிறுத்திக்கொள்கிறேன், அதுவும் இரவில் மட்டும். புதிதாக எதையாவது பூசுவதென்றால் முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பார்க்கிறேன்.

வெயில் படும் இடத்தில் உதிர்ந்து உதிர்ந்து திரும்ப வரும் சொரசொரப்பான திட்டோ, ஆறாத புண்ணோ, நிறமும் வடிவமும் மாறும் மச்சமோ இருந்தால் எதையும் அரைத்துப் போட்டுக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.