ஓரத்தில் நிற்பவரும் காசு கொடுத்தவர்தான்

ஓவியம் பற்றிய ஒரு பேச்சுக்கு அச்சிட்ட அந்த அழைப்பிதழை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல் படை ஒன்றை டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியத்திலிருந்து, படையின் கேப்டனையும் லெப்டினன்ட்டையும் மட்டும் வெட்டியெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பேச்சின் தலைப்போ குழு ஓவியங்களின், அதாவது ஒரு குழுவினர் எல்லோரையும் சேர்த்து வரைந்த படங்களின், வரலாறு. ஏன் என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில் இன்னும் உறுத்துகிறது: “ஓரத்தில் நிற்பவர்களை யாருக்குத் தெரியும்?”

தெரியும். ஓவியத்தின் பின்னணியில், வளைவருகே வரைந்துள்ள கேடயத்தில் 18 பெயர்கள் எழுதியிருக்கின்றன. 1642இல் முடிந்த ஓவியம். பெயர்களைப் பிற்காலத்தில் சேர்த்தார்கள், படத்தில் இருப்பவர்கள் யாரென்று மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

டச்சுக் குழு ஓவியம் அரசன் பணத்தில் வந்ததல்ல. நகரக் காவல் படைக்காரர்கள் ஆளுக்கு ஆள் பங்கு போட்டு வரையச் சொன்னது. ‘இரவுக் காவலு’க்குத் தலைக்குச் சராசரி 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்), நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சிலர் கூடக் கொடுத்தார்கள், சிலர் குறைத்துக் கொடுத்தார்கள். படத்தில் இருந்த ஒருவரே 1659இல் கொடுத்த சாட்சியம் இது. ஆகவே ஓரம் என்பது மிச்ச இடம் அல்ல, ஒருவர் காசு கொடுத்து வாங்கிய இடம்.

“1715இல் ஆம்ஸ்டர்டாம்காரர்களே அந்த ஓவியத்தின் ஓரங்களை வெட்டினார்களே” என்பீர்கள். வெட்டினார்கள். நகர மன்றத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே மாட்ட வேண்டும் என்று இடப்பக்கம் சுமார் 60 சென்டிமீட்டர், மேலே 22, கீழே 12, வலப்பக்கம் 7. என்ன ஆயிற்று? இடப்பக்கம் நின்றவர்கள் போய்விட்டார்கள். வலப்பக்க முரசில் ஒரு பகுதி போயிற்று. நடுவிலிருந்து வலப்புறம் தள்ளி நடந்துகொண்டிருந்த கேப்டனும் லெப்டினன்ட்டும் நட்டநடுவில் வந்து நின்றார்கள். படை முன்னேறும் வேகம் செத்தது. லுண்டன்ஸ் என்ற ஓவியர் ஒரு சிறு பலகையில் முன்பே நகல் எடுத்து வைத்திருந்ததால்தான் 2021இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் கணினி உதவியோடு அந்த ஓரங்களை மீட்டுக் காட்ட முடிந்தது. முந்நூறு ஆண்டு கழித்து அங்கே வருந்திச் சரிசெய்த தவறை இங்கே மறுபடி செய்கிறோம்.

“ரெம்பிராண்டே பல முகங்களை மறைத்தாரே?” மறைத்தார், மறுக்கவில்லை. ஆனால் பாதி முகம் தெரிந்தவரைக்கூடச் சட்டத்துக்கு வெளியே தள்ளவில்லை. “அழைப்பிதழில் இடமில்லை” என்பதற்குப் பதில் ஒன்றுதான்: அகலவாக்கில் போட்டிருக்கலாம்.

தலைகளை ஒரு சட்டத்துக்குள் அடுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால் இப்படி வெட்ட மனம் வராது. 16ஆம் நூற்றாண்டில் வரிசையாகத் தலைகளை வைத்தார்கள். எல்லோரும் தெரிந்தார்கள், ஆனால் படம் உறைந்து நின்றது. 1616இல் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற டச்சு ஓவியர் தன் ஊரான ஹார்லெமின் காவல் படை அதிகாரிகளை விருந்து மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். மேசையில் பதவிப்படி இடம், கொடி ஏந்துபவர்களுக்கு நிற்கும் இடம், கொடிகளைச் சாய்வாக ஓடவிட்டு எல்லாரையும் கட்டினார். அதே ஹால்ஸ் 1633இல் ஆம்ஸ்டர்டாம் படை ஒன்றுக்குத் தலைக்கு 60 கில்டர் பேசி, பிறகு 66 ஆக்கியும், ஆம்ஸ்டர்டாமுக்கு வர மறுத்தார். வரைவதற்காக அவர் முன் உட்கார வேண்டிய படைக்காரர்களோ ஹார்லெமுக்குப் போக மறுத்தார்கள். கடைசியில் 1637இல் பீட்டர் கொடே என்ற வேறொரு ஓவியர்தான் அதை முடித்தார். ஒவ்வொருவரும் தன் முகத்துக்காக அவ்வளவு மல்லுக்கட்டினார்கள். நியாயமான மல்லுக்கட்டு அது.

காசு கொடுத்தவருக்கு மட்டும்தான் மதிப்பா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ரெம்பிராண்டின் 1662 ஓவியத்தில் துணி வணிகச் சங்கத்துத் தரப் பரிசோதகர்கள் ஐந்து பேர், எல்லோர் தலையிலும் தொப்பி. பின்னால் தொப்பியில்லாமல் ஒருவர் நிற்கிறார், அவர்களுடைய பணியாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பணியாளின் இடத்தை ரெம்பிராண்ட் பலமுறை அழித்து மாற்றியிருப்பது தெரிந்தது. ஐந்து எஜமானர்களுக்கு நடுவே அந்த ஒருவருக்குச் சரியான இடம் கிடைக்கும்வரை அவர் விடவில்லை.