கைகட்டி நின்ற முதலாளி

படத் தயாரிப்பாளர் ஏவிஎம் சரவணன் சார் காலமான செய்தி 2025 டிசம்பர் 4 அன்று வந்தபோது, நண்பர் ஒருவர் கேட்டார்: "ஸ்டுடியோ அப்பா கட்டுனது, பேரு அப்பா சம்பாதிச்சது. இவருக்கு என்னய்யா கஷ்டம்?" இறந்த வீட்டு நாளில் வாதம் வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அவருடைய அப்பா மெய்யப்பச் செட்டியார் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். 1935-ல் கல்கத்தா போய் எடுத்த முதல் படம் ஓடவில்லை. விழுந்து, எழுந்து, 1945-ல் ஏவிஎம்மைத் தொடங்கி, 1947-ல் காரைக்குடிப் பக்கம் கீற்றுக்கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்துத்தான் நிமிர்ந்தார். அவர் தோற்றபோது அது அவருடைய அனுபவம். மகன் ஒரு படத்தில் தோற்றால் ஊர் என்ன சொல்லும்? "அப்பன் பேரைக் கெடுத்துட்டான்." சொத்தோடு சேர்ந்து வரும் இந்தப் பயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செட்டியார் 1979 ஆகஸ்டில் மறைந்தார். அதற்கு முன்பே ஏவிஎம்மின் படத்தயாரிப்பு வேகம் குறைந்திருந்தது. ஸ்டுடியோவை வாடகைக்கு விட்டாலே குடும்பம் வசதியாக இருந்திருக்கும். ஆனால் சரவணனும் சகோதரர்களும் 1980 டிசம்பரில் 'முரட்டுக்காளை'யோடு வந்தார்கள். கம்பெனியில் எடிட்டிங் உதவியாளராகத் தொழில் கற்ற எஸ்.பி. முத்துராமன் இயக்குநர், ரஜினி கதாநாயகன். வில்லன் யார் தெரியுமா? அதுவரை நாம் கதாநாயகனாகவே பார்த்துப் பழகிய ஜெய்சங்கர். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்று ஒரு ஹீரோவை வில்லனாக்குவது, அவர் மனம் கோணாமல் ஆக்குவது, ரசிகனையும் ஏற்க வைப்பது, எல்லாம் தயாரிப்பாளர் தலையில் விழுகிற வேலை. இரண்டு வருஷத்தில் 'சகலகலா வல்லவன்'. 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் செட்டியார் அறிமுகப்படுத்திய குழந்தை கமல், அங்கே ஆளாகி வந்து 'இளமை இதோ இதோ' என்று ஆடினார். புத்தாண்டு ராத்திரியில் அந்தப் பாட்டு இல்லாத தெரு இன்னும் கிடையாது.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் 1986. அந்த வருஷம் ஒரு பக்கம் ரஜினியை வைத்து 'மிஸ்டர் பாரத்' வருகிறது. அதே கம்பெனி, அதே வருஷம், பெரிய நட்சத்திரம் என்று யாரும் இல்லாமல், பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கிற 'சம்சாரம் அது மின்சாரம்' எடுக்கிறது. இயக்குநர் விசுவின் கதை கனமாக இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பு வேண்டும் என்று சரவணன் கேட்டதால்தான் மனோரமாவின் வேலைக்காரி வேடமே உள்ளே வந்தது என்று சொல்வார்கள். "கண்ணம்மா, கம்முனு கெட" இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். மூச்சு முட்டும். பணம் போடுகிறவருக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கதை கேட்கும்போது எந்த இடத்தில் ஜனங்கள் நெளிவார்கள் என்று தெரிய வேண்டும். அதே சமயம், பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்த மருமகளே கடைசியில் தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொல்லும் முடிவில் கை வைக்காமலும் இருக்க வேண்டும். அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

என் அப்பா லைட்மேன். பல கம்பெனிகளில் வேலை பார்த்தவர். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியில், முதலாளி இறந்தபின் மகன் பூஜை போட்டார். இருபது நாள் ஷூட்டிங். இருபத்தோராம் நாள் காலையில் அப்பா போனபோது ஃப்ளோர் பூட்டிக் கிடந்தது. புரொடக்ஷன் மேனேஜர், "நாளைக்கு வாங்க அண்ணே" என்றார். நாளைக்கு என்பது வரவே இல்லை. அப்பாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு, தினமும் வாங்கிய பேட்டாவை எழுதி வைப்பார். அந்தப் பக்கத்தில் கடைசி ஆறு நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பார். அடிக்கவும் இல்லை, 'வரவில்லை' என்று எழுதவும் இல்லை. வரும் என்று விட்டுவைத்த இடம் அது. அந்த மகனைக் கெட்டவர் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "ஆசைப்பட்டான், கணக்குத் தெரியல" என்பார். வாரிசுக்கு ஆசையும் பெயரும் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. எத்தனை கால்ஷீட், எந்த ஏரியா என்ன விலைக்குப் போகும், வட்டி எந்தத் தேதியிலிருந்து கழுத்தை இறுக்கும் என்பதை அவரவர்தான் கற்க வேண்டும். சரவணன் சார் 1950களின் இறுதியிலேயே ஸ்டுடியோவுக்குள் வந்தவர். செட்டியார் மறையும்வரை இருபது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

குறையும் சொல்ல வேண்டும். 1954-ல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்த கம்பெனி இது. அப்படி ஒரு துணிச்சலான படத்தை மகன்கள் காலத்தில் நான் எதிர்பார்த்தேன், வரவில்லை. எண்பதுகளுக்குப் பிறகு நட்சத்திரங்களின் தேதியைச் சுற்றியே கம்பெனி ஓடியது என்பது என் வருத்தம். 2007-ல் 'சிவாஜி', 2009-ல் 'அயன்' என்று பெரிய படங்கள் வந்தன, பிறகு மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். பேத்திகள் தலைமுறை இணையத்தில் சின்னதாக முயன்று பார்த்தது. ஒதுங்கியதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாயகர்களின் சம்பளம் படத்தின் பட்ஜெட்டையே தின்னும் காலத்தில், ஊரைச் சுற்றிக் கடன் வாங்கிப் பந்தயம் கட்டாமல் இருந்ததும் ஒரு முதலாளியின் முடிவுதான். எத்தனை லைட்மேன் வீட்டு நோட்டுகளில் வெற்று இடம் விழாமல் போனது என்று நான் பார்க்கிறேன்.

சரவணன் சார் எந்த மேடையிலும், எந்தப் போட்டோவிலும் வெள்ளை உடுப்பில் கைகட்டித்தான் நின்றார். தன் கம்பெனி அறிமுகப்படுத்திய பையனுக்குப் பக்கத்திலும் அப்படியே. சிலர் அதை ஸ்டைல் என்றார்கள். பல நூறு பேருக்கு வேலை கொடுத்த வீட்டுப் பிள்ளை அப்படி நின்றதை நான் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவர் காலமான செய்தி வந்த அன்று ராத்திரி என் அப்பாவுக்கு போனில் 'சம்சாரம் அது மின்சாரம்' போட்டுக் கொடுத்தேன். மனோரமா வந்ததும் சிரித்தார். வீட்டுக்கு நடுவே கோடு போடும் இடம் வந்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "இந்த லைட்டு மேலேருந்து வருது பாரு, சைடுல ஒண்ணு தனியா வெச்சிருக்கான்" என்றார். பிறகு நிறுத்தி, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.